புடாபெஸ்ட் கேம்பிட்டை நம்பி ஆடலாமா?

கேள்வி இதுதான். கேட்டவர் ஆன்லைன் சதுரங்கத்தில் 1350 ரேட்டிங்கில் இருக்கிறார். கறுப்பில் ஆடும்போது எதிராளி இ4 என்று, அதாவது ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்கினால் சமாளித்துவிடுகிறார். டி4 என்று, ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை நகர்த்தித் தொடங்கினால் இருபது நகர்வுக்குள் காய்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு, மூச்சு விட இடமில்லாமல் தோற்கிறார். அதனால் டி4-க்கு எதிராக ஆக்ரோஷமான ஒரு கேம்பிட் (ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்து ஆடும் முறை) வேண்டும், புடாபெஸ்ட் கேம்பிட் சரிவருமா, இல்லை அது வெறும் பொறிதானா என்று கேட்டிருக்கிறார்.

நான் படித்த வரையில், உங்கள் உண்மையான சிக்கல் ஆக்ரோஷம் போதாமல் இருப்பது இல்லை. உங்கள் காய்களுக்கு நல்ல கட்டங்கள் கிடைப்பதில்லை. எதிராளியைச் சீக்கிரம் வீழ்த்துவது எப்படி என்பது ஒரு கேள்வி, என் குதிரையும் பிஷப்பும் எங்கே போய் உட்காரும் என்பது வேறொரு கேள்வி. புடாபெஸ்ட் இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் சொல்லும். முதல் கேள்விக்குச் சில நேரம்தான் சொல்லும். நான் ஒரு கிளப் ஆட்டக்காரன், பதினாறு வருடமாக மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். 1900 ரேட்டிங்குக்குக் கீழே இந்த ஓப்பனிங், அதாவது தொடக்க ஆட்டம், என்ன செய்கிறது என்பதை நேரில் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு மேலே உள்ள ஆட்டம் பற்றிச் சொல்வது எல்லாம் பெரியவர்களின் ஆட்டங்களைப் பலகையில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

முதலில் நகர்வுகள். (வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்.) வெள்ளை டி4, கறுப்பு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருகிறது. வெள்ளை சி4. இப்போது கறுப்பு இ5 என்று சிப்பாயைக் கொடுக்கிறது. வெள்ளை அதை வெட்டியதும் குதிரை எஃப்6-இலிருந்து ஜி4-க்குத் தாவி, இ5-இல் வந்து நிற்கும் வெள்ளைச் சிப்பாயைக் குறிவைக்கிறது. அவ்வளவுதான் புடாபெஸ்ட். பெரும்பாலான வழிகளில் அந்தச் சிப்பாய் சில நகர்வுகளில் திரும்பி வந்துவிடும். அதனால் கேம்பிட் என்று பெயர் இருந்தாலும் இதை நான் கடன் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன், கொடுத்து வாங்கும் கைமாற்று.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது, வெள்ளை சி4 ஆடியிருக்கிறது என்பதை. இந்த ஓப்பனிங்கின் உயிரே அந்த ஒரு சிப்பாயில்தான் இருக்கிறது. சி4-க்குப் போன சிப்பாய் திரும்பி வராது. ஆகவே கறுப்பு பிஷப் பி4-க்கு வந்து செக் வைத்தால் சி3-இல் சிப்பாயை வைத்துத் தடுக்க வெள்ளைக்கு வழியில்லை, ஒரு காயைத்தான் குறுக்கே விட வேண்டும். டி3 கட்டத்தையும் இனி சி சிப்பாய் காக்காது. வெள்ளை சி4 ஆடாதபோது அதே இ5-ஐ ஆடினால் இந்த இரண்டு லாபமும் கிடையாது. டி4-க்கு நேரடியாக இ5 என்று பதில் சொல்லும் எங்லண்ட் கேம்பிட்டை வீடியோக்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அஸ்திவாரம் வேறு. எங்லண்டில் கறுப்பு ராணி பி4-இல் செக் வைத்து பி2 சிப்பாயை வெட்டும்போது வெள்ளை பதறாமல் குதிரையை சி3-க்குக் கொண்டுவந்தால் போதும், கறுப்பின் ராணி வெளியே மாட்டிக்கொண்டு அலையும். அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

புடாபெஸ்ட்டுக்கு நல்ல வரலாறு உண்டு. தெரிந்தவரை முதல் ஆட்டம் 1896-இல் புடாபெஸ்ட் நகரில் அட்லருக்கு எதிராக மரோட்சி ஆடியது. அதன்பின் அபோன்யி, பராஸ், பிரேயர் என்ற ஹங்கேரி ஆட்டக்காரர்கள் இதைச் செப்பனிட்டார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது 1918-இல். பெர்லினில் நான்கு பேர் மட்டும் ஆடிய போட்டி அது: ரூபின்ஸ்டைன், விட்மர், ஷ்லெக்டர், மீஸஸ். ரூபின்ஸ்டைன் அன்றைக்கு டி4 ஆட்டத்தில் பெரிய கை. அவரை எதிர்த்துக் கறுப்பில் ஆட வேண்டிய விட்மர், நண்பர் அபோன்யியிடம் யோசனை கேட்டு இந்த ஓப்பனிங்கை ஆடி 24 நகர்வில் ஜெயித்தார். அதே போட்டியில் மீஸஸும் ஷ்லெக்டரும் ரூபின்ஸ்டைனுக்கு எதிராக இதையே எடுத்தார்கள். மீஸஸிடம் அவர் தோற்றார், ஷ்லெக்டருடன் டிரா. போட்டியை விட்மர் வென்றார். விட்மர் ரூபின்ஸ்டைனை ஜெயித்த அந்த ஆட்டத்தை ஒருமுறை பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை சிப்பாயைத் திருப்பித் தராமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்கு விலையாக சி3, சி4 என்று சிப்பாய்கள் ஒன்றின் முன் ஒன்றாக நிற்கின்றன. கறுப்பு எஃப்6 என்று இன்னொரு சிப்பாயையும் நீட்டி, வரிசைகளைத் திறந்து, எல்லாக் காய்களையும் வெளியே கொண்டுவந்துவிடுகிறது. ஒரு பொறியும் இல்லை, காய்கள் வேலை செய்கின்றன, அவ்வளவுதான்.

சரி, பொறிக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் கேட்டதில் பாதி அதுதான். வெள்ளை நான்காவது நகர்வில் பிஷப்பை எஃப்4-க்குக் கொண்டுவந்து சிப்பாயைக் காக்கிறது. கறுப்பு குதிரை சி6, வெள்ளை குதிரை எஃப்3, கறுப்பு பிஷப் பி4-இல் செக். வெள்ளை பி1 குதிரையை டி2-இல் குறுக்கே வைக்கிறது. கறுப்பு ராணி இ7. இப்போது வெள்ளை ஏ3 என்று பிஷப்பைக் கேட்கிறது, அதாவது சிப்பாயால் தாக்கி நகரச் சொல்கிறது. கறுப்பு பிஷப்பை நகர்த்தாமல் ஜி4 குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை ஆசையாக பி4 பிஷப்பை வெட்டினால், குதிரை டி3-இல் இறங்கும். மேட். இ2 சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்ட முடியாது, வெட்டினால் இ வரிசையில் கறுப்பு ராணியின் பார்வை ராஜாமேல் விழும். ராஜா நகர ஒரு கட்டமும் இல்லை, சுற்றிலும் சொந்தக் காய்கள். சி2-இல் சிப்பாய் இருந்திருந்தால் குதிரையை வெட்டியிருக்கும், அது முன்பே சி4-க்குப் போய்விட்டது. மேலே சொன்ன சி4 கணக்கு இங்கே கண்ணெதிரே தெரிகிறது. கீனிங்கர் பொறி என்று இதற்குப் பெயர்.

என்னிடம் படித்த ஒரு பையன், பதினோரு வயது இருக்கும், இதைக் கற்றுக்கொண்ட வாரத்தில் ஒரு நாளில் மூன்று பேரை இப்படியே மேட் செய்தான். குதிரையை டி3-இல் வைத்துவிட்டு கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பான், காய் ஓடிவிடும் என்பதுபோல. அடுத்த மாதம் ஒரு வயதுவாரிப் போட்டியில் எதிரே வந்த பெண் ஏ3 ஆடவில்லை. அமைதியாக இ3 ஆடினாள். இவன் பன்னிரண்டு நிமிடம் யோசித்தான். என்ன செய்வது என்று அவனுக்கு நான் சொல்லித் தந்திருக்கவில்லை. அது என் தவறு. அதற்கப்புறம் இந்த ஓப்பனிங்கைச் சொல்லித் தரும்போது நான் பொறியிலிருந்து தொடங்குவதில்லை, இ3-இலிருந்து தொடங்குகிறேன்.

அந்த நிலையை நீங்களும் நன்றாகப் பார்க்க வேண்டும். இ3-க்குப் பிறகு எஃப்1 பிஷப் டி3 கட்டத்தைக் காக்கிறது, மேட் மிரட்டல் போய்விட்டது. கறுப்பு இ5-இல் சிப்பாயைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, குதிரைகள் ஒரு ஜோடி மாறுகின்றன. பி4 பிஷப்பைக் கேட்டால் அது டி2 குதிரையை வெட்டியாக வேண்டும். இப்போது கணக்குப் பார்த்தால் காய் சமம், ஆனால் வெள்ளையிடம் இரண்டு பிஷப்பும் இருக்கின்றன, ராணிப் பக்கத்தில் சிப்பாய்களை பி4, சி5 என்று முன்னேற்ற இடமும் இருக்கிறது. 1992-இல் லினாரெஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்று அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் நைஜல் ஷார்ட், கார்போவுக்கு எதிராக புடாபெஸ்ட்டை எடுத்தார். கார்போவ் இந்த அமைதியான வழியில்தான் ஆடினார், ராணிப் பக்கத்தில் மெல்ல மெல்ல இறுக்கி ஜெயித்தார். அந்த மேட்சைக் கடைசியில் ஷார்ட்தான் வென்றார், ஆனால் முதல் ஆட்டம் புடாபெஸ்ட்டின் பலவீனம் எது என்பதைக் காட்ட நான் எப்போதும் எடுக்கும் பாடம். நானும் ஒரு மாவட்டப் போட்டியில் இதே மாதிரி நாற்பது நகர்வு இறுக்கப்பட்டுத் தோற்றிருக்கிறேன். எந்த நகர்வும் பெரிய தவறு இல்லை, ஆனால் என் காய் எதற்கும் வேலை இல்லை.

இந்த நிலையில் கறுப்பு செய்ய வேண்டியது: டி6, கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றி ராஜாவைப் பாதுகாப்பது), இ5 குதிரையை முடிந்தவரை அங்கேயே நிறுத்துவது, பி6 ஆடி வெள்ளையின் சி5-ஐத் தாமதப்படுத்துவது, சி8 பிஷப்பை பி7-க்குக் கொண்டுபோய் நீண்ட மூலைவிட்டத்தில் வைப்பது. ஜெயிக்கும் அவசரம் இங்கே வேண்டாம். வெள்ளைக்குக் கொஞ்சம் மேல், அது நிச்சயம். ஆனால் உங்கள் மட்டத்தில் அந்தக் கொஞ்சத்தை வெற்றியாக மாற்றத் தெரிந்தவர்கள் குறைவு. பிஷப் எஃப்4-க்கு வந்ததும் உடனே ஜி5 ஆடி அதை விரட்டுகிறவர்களும் உண்டு. விளையாட்டு சூடாகும், ராஜா பக்கமும் ஓட்டையாகும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எனக்கு இந்த ஓப்பனிங்மேல் பிரியம் வந்தது வேறொரு வழியால். வெள்ளை நான்காவது நகர்வில் பிஷப்புக்குப் பதிலாக குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவந்தால் கறுப்பு பிஷப்பை சி5-இல் வைத்து எஃப்2-ஐப் பார்க்கும். வெள்ளை இ3 ஆடி அந்தப் பார்வையை மூடியாக வேண்டும், அதனால் சி1 பிஷப்பும் உள்ளே அடைபடும். பிறகு இருவரும் கேஸ்லிங் செய்து, கறுப்பு யானையை இ8-க்குக் கொண்டுவந்து, இ5-இல் சிப்பாயைத் திரும்ப எடுக்கும். குதிரைகள் ஒரு ஜோடி மாறும். வெள்ளை பி3 ஆடி பிஷப்பை பி2 வழியாக வெளியே எடுக்கப் பார்க்கும். இப்போது கறுப்பு ஏ5. அப்புறம் ஏ8 யானை ஏ6-க்கு ஏறுகிறது. அங்கிருந்து ஆறாவது வரிசையில் நேராக எச்6 வரை ஓடும்.

முதல்முறை இதைப் பார்த்தபோது நான் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யானை மூலையில் கிடந்து கடைசியில் வரும் காய் என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே அது பதினொன்றாவது நகர்விலேயே ஏறி, அடுத்ததில் ராஜாவின் வாசலில் நிற்கிறது. ஏன் இது முடிகிறது? இ2-இல் நிற்கும் வெள்ளை பிஷப் ஏ6-ஐத் தாக்க வேண்டியது, நடுவில் சி4 சிப்பாய் குறுக்கே நிற்கிறது. மறுபடியும் அதே சி4. ஏ5 சிப்பாய் சும்மா தள்ளப்பட்டதும் இல்லை, சி5 பிஷப்பைக் கேட்டால் அது ஏ7-க்குப் பின்வாங்க இடம் கொடுக்கிறது, வெள்ளையின் பி4-ஐயும் தடுக்கிறது. இன்னொன்று, இதை மறந்தால் எல்லாம் வீண்: யானை கடந்து போகும்வரை டி7 சிப்பாயைத் தொடக்கூடாது. பழக்க தோஷத்தில் டி6 ஆடிவிட்டால் ஆறாவது வரிசை அடைபட்டுவிடும். யானை எச்6-க்குப் போய்ச் சேர்ந்த பிறகு டி6 ஆடினால், சி8 பிஷப்புக்கு எச்3 வரை வழி திறக்கும். ராணி எச்4-க்கு வந்து எச்2-இல் மேட் மிரட்டும், வெள்ளை எச்3 ஆடித் தடுக்கும், அப்போது அந்த பிஷப் எச்3-இல் தன்னைக் கொடுத்து வாசலை உடைக்கலாமா என்று பார்க்கலாம். பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும், எப்போதும் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெள்ளை சரியாக ஆடினால் குதிரையை சி3-இலிருந்து இ4-க்குக் கொண்டுவந்து பிஷப்பைக் கேட்கும், பி2 பிஷப்பால் இ5 குதிரையை மாற்றிவிடும், அல்லது எஃப்4 தள்ளி அதை விரட்டும். இ5 குதிரை போய்விட்டால் எச்6 யானை தனியாக நின்று வேடிக்கை பார்க்கும். ஆகவே யானையை அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இ5-இல் என் குதிரை இன்னும் மூன்று நகர்வு நிற்குமா? நிற்காது என்றால் யானையை ஏ6-இலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

மூன்றாவது வழி, வெள்ளை சிப்பாயைக் காக்காமல் இ4 ஆடுவது. அலெஹின் 1925-இல் பாடன்-பாடனில் இதை ஆடி ஜெயித்திருக்கிறார், அவர் பெயரிலேயே வழங்குகிறது. கறுப்பு இ5-ஐ வெட்டிய உடனே வெள்ளை எஃப்4 தள்ளிக் குதிரையை விரட்டும். பெரிய மைய இடம், பார்த்தால் பயமாக இருக்கும். குதிரையை சி6-க்குப் பின்வாங்கி, பிஷப்பை பி4-இல் செக் வைத்தோ சி5-இலோ வெளியே விட்டால் போதும். சிப்பாய்கள் முன்னே போன இடங்களில் ஓட்டைகள் இருக்கின்றன, ஜி1-இல் வெள்ளை ராஜா கேஸ்லிங் செய்தால் சி5 பிஷப் அங்கே நேராகப் பார்க்கிறது. நான் பார்த்த வரையில் கிளப் அளவில் வெள்ளை இதை ஆடினால் கறுப்புக்குச் சந்தோஷமான ஆட்டம்தான்.

ஜி4-க்குப் பதிலாகக் குதிரையை இ4-க்கே கொண்டுபோகும் ஃபயாரோவிச் வழியும் இருக்கிறது. அதில் பொறிகள் இன்னும் அதிகம், சிப்பாய் திரும்பி வருவது சந்தேகம். வெள்ளை ஏ3 ஆடி பி4 செக்கைத் தடுத்துவிட்டால் கறுப்பு கையில் போதுமான ஈடு இருக்கிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வேக ஆட்டத்தில் ஆசைக்கு ஆடலாம், ரேட்டிங் போட்டிக்கு வேண்டாம்.

இப்போது இந்த ஓப்பனிங்கின் பெரிய குறை. வெள்ளை இரண்டாவது நகர்வில் சி4 ஆடினால்தான் புடாபெஸ்ட். குதிரையை எஃப்3-க்கு முதலில் கொண்டுவந்துவிட்டால் இ5 கட்டம் கூடுதல் காவலில் இருக்கும், அங்கே சிப்பாயைக் கொடுப்பது வெறும் நஷ்டம். இன்றைக்கு ஆன்லைனில் லண்டன் சிஸ்டம் ஆடுகிறவர்கள் ஏராளம், பிஷப்பை எஃப்4-இல் வைத்துவிட்டு சி4 பக்கமே வராதவர்கள். அவர்களுக்கு எதிராக உங்களிடம் வேறொரு பதில் தயாராக இருக்க வேண்டும். குதிரை எஃப்6-க்குப் பிறகு டி5, இ6, சி5 என்ற எளிய அமைப்பே போதும். இதைச் சொல்லாமல் புடாபெஸ்ட்டை மட்டும் சொல்லிக் கொடுப்பது பாதி மருந்து கொடுப்பதுபோல.

வேறு கேம்பிட்கள் பற்றிக் கேட்காவிட்டாலும் ஒரு வார்த்தை. பென்கோ கேம்பிட்டில் பி5-இல் கொடுத்த சிப்பாய் திரும்பி வராது, அதற்குப் பதில் ஏ, பி வரிசைகளில் யானைகளின் அழுத்தம் ஆட்டத்தின் இறுதிக் கட்டம் வரை நீடிக்கும். மிகவும் நம்பகமானது, ஆனால் நீங்கள் தேடும் ராஜா மேல் தாக்குதல் அதில் இல்லை. ஆல்பின் எதிர்கேம்பிட்டில், டி5, சி4-க்குப் பிறகு இ5 கொடுத்து டி4-க்குச் சிப்பாயைத் தள்ளுவது, பொறி அருமை. வெள்ளை அவசரப்பட்டால் கறுப்புச் சிப்பாய் ஜி1-இல் போய் ராணியாகாமல் குதிரையாக மாறிச் செக் வைக்கும். பார்க்க அழகு. ஆனால் வெள்ளை ஜி3, பிஷப் ஜி2 என்று அமைதியாக ஆடினால் டி4 சிப்பாயைக் காப்பதே வேலையாகிவிடும்.

வீடியோவில் பார்த்த நகர்வை அப்படியே ஆடுவது பற்றியும் சொல்ல வேண்டும். 1988-இல் பீல் நகரில் ஆனந்த், சபாத்தாவிடம் ஆறே நகர்வில் தோற்றார். பெட்ரோஃப் ஓப்பனிங்கில் அவர் ஆடிய ஐந்தாவது நகர்வு, அதற்கு முந்தைய வருடம் இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஆட்டத்தில் வந்ததுதான். அங்கே எதிராளி தண்டிக்கவில்லை, இங்கே ராணி இ2-க்கு வந்ததும் ஒரு காய் போயிற்று. அவருக்கே அப்படி என்றால், நாம் ஒவ்வொரு நகர்வையும் பலகையில் வைத்து ‘எதிராளி எனக்குப் பிடிக்காததை ஆடினால் என்ன?’ என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது: புடாபெஸ்ட் முழுவதும் முறியடிக்கப்பட்ட ஓப்பனிங் இல்லை, வெள்ளைக்குச் சிறு மேன்மை உண்டு, கறுப்பு காய்கள் சீக்கிரம் வெளியே வந்துவிடும். சந்தேகத்துக்குரியது: இது உங்கள் ரேட்டிங்கை உயர்த்துமா என்பது. என் மாணவர்களில் சிலர் இதனால் டி4 பயம் நீங்கி வேகமாக வளர்ந்தார்கள், சிலர் பொறியிலேயே தங்கிவிட்டார்கள். எது ஓப்பனிங்கின் பலன், எது பிள்ளையின் இயல்பு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆடிப் பார்க்க விரும்பினால், பத்து நிமிட ஆட்டமாக முப்பது ஆடுங்கள், மூன்று நிமிடம் வேண்டாம். ஆட்டத்தை அலசும் கணினி எஞ்சினைத் திறப்பதற்கு முன், வெள்ளையின் நான்காவது நகர்வு எது என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: பிஷப் எஃப்4, குதிரை எஃப்3, இ4, வேறு ஏதாவது. முப்பது முடிந்ததும் எது அதிகம் வந்ததோ அதை முதலில் படியுங்கள். பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, உங்கள் இ5 குதிரை எத்தனையாவது நகர்வில் பலகையை விட்டுப் போனது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களோடு வந்து கேட்டால், அடுத்து எதை மாற்றலாம் என்று உங்கள் ஆட்டங்களையே வைத்துப் பேசலாம்.